பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் முன்... பெயின்டுக்கு முன்னால் பிரேக்!

மலைத்தோட்ட விவசாயிகளுக்கு விளைச்சல் எடுப்பதைவிட, எடுத்த விளைச்சலைத் தார்ச்சாலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு. கொடைக்கானல் கீழ்மலை, சிறுமலை, ஏற்காடு, கொல்லிமலை, போடி மலைப்பகுதி ஆகிய இடங்களில் காபி, மிளகு, ஏலம், மலைவாழை பயிரிடும் சிறு விவசாயிகள் பலருடைய தோட்டங்களுக்கு இன்றும் மண்பாதைதான். மழை பெய்துவிட்டால் சாதாரண வேன் அந்தப் பாதையில் ஏறாது. தலைச்சுமையும் குதிரைச்சுமையும் கூலியில் முடிகின்றன. ஆகவே நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப்பின் மேல் விவசாயிகள் வைத்திருக்கும் ஆசையில் நியாயம் இருக்கிறது.

புது வண்டியின் விலை சிறு விவசாயிக்கு எட்டாது. பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் பழுது பார்த்து ஓட்டலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். இது நல்ல யோசனையாகவும் அமையலாம், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற கதையாகவும் முடியலாம். எதற்கு முதலில் பணம் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது அது. பெயின்டுக்கும் பெரிய டயருக்கும் முதலில் செலவழித்துவிட்டு, பிரேக் வேலைக்குப் பணம் இல்லாமல் மலை இறங்குகிறவர் தம் உயிரையும் வண்டியில் உள்ளவர்கள் உயிரையும் பணயம் வைக்கிறார்.

விவசாயத்துக்கென வந்த வண்டி

ஜீப் முதலில் போருக்காகச் செய்யப்பட்ட வண்டி. 1941-ல் அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் ராணுவத்துக்காக இதைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. போர் முடிந்த 1945-ம் ஆண்டிலேயே சி.ஜே.2ஏ என்ற பெயரில் பொதுமக்களுக்கான ஜீப் வந்தது. அதை வாங்குவோர் பெரும்பாலும் விவசாயிகளாக இருப்பார்கள் என்று அந்நிறுவனம் எதிர்பார்த்தது. ஏர் இழுக்கவும், வண்டியின் பின்புறம் சுழலும் தண்டு ஒன்றைப் பொருத்தி ரம்பம், பம்பு முதலியவற்றை ஓட்டவும் அதில் வசதி இருந்தது.

இந்தியாவில் 1947-ல் பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து இணைக்கத் தொடங்கினர். உயரமான பானெட் கொண்ட சி.ஜே.3பி ஜீப்பை நம் நாட்டில் நெடுங்காலம் செய்தார்கள். முதலில் பெட்ரோல் இஞ்சின், பிறகு டீசல் இஞ்சின் என்று மாறி, எம்.எம்.540 போன்ற வகைகளில் 2112 சி.சி. கொள்ளளவுள்ள பெஜோ டீசல் இஞ்சின் வந்தது. மலைப்பகுதிகளில் இன்று விலைக்கு வருபவை பெரும்பாலும் இந்த வழியில் வந்த வண்டிகளே. ராணுவத்தில் கழித்த ஜோங்கா வண்டிகளும் சில இடங்களில் கிடைக்கின்றன. 1969 முதல் 1999 வரை ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்யப்பட்ட இந்தப் பெரிய வண்டிக்கு ஆறு சிலிண்டர், 3956 சி.சி. பெட்ரோல் இஞ்சின். இழுவை அபாரம், ஆனால் பெட்ரோல் குடிப்பதும் அதே அளவில் இருக்கும். சிறு விவசாயிக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்றதே.

முதலில் காகிதம், பிறகு இரும்பு

வண்டியைப் பார்க்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருடங்களுக்குச் செல்லும். அதன்பின் வண்டியைக் காட்டித் தகுதி பெற்று, 5 வருடங்களுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் 25-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய வண்டிகளுக்கான கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் மத்திய அரசு வெகுவாக உயர்த்தியிருக்கிறது. தற்போதைய கட்டணம், பசுமை வரி, பாக்கி வரி ஆகியவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது நல்லது.

சேஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். சேஸ் எண் தேய்ந்தோ, வெல்டிங்கில் மறைந்தோ இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். அரியானாவில் உள்ள மண்டி டப்வாலி போன்ற ஊர்களில் அழகாக மாற்றிக் கட்டிய ஜீப்புகள் விற்பனைக்கு வருகின்றன. வெளிமாநில வண்டியானால் அங்குள்ள அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். இங்கு வரி கட்டிப் புது எண் பெற வேண்டும். ராணுவத்தில் கழித்த வண்டியானால் ஏலத்தில் எடுத்ததற்கான அசல் ரசீது இருக்க வேண்டும். இவை இல்லாத ஜீப், விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காமல் விவசாயியின் நிலத்தையே விற்க வைத்துவிடும்.

நான்கு சக்கரமும் இழுக்கிறதா?

ஜீப் என்றாலே நான்கு சக்கர இழுவை என்று எண்ணுவது தவறு. இந்தியாவில் விற்ற ஜீப்புகளில் பின்சக்கர இழுவை மட்டும் உள்ளவை ஏராளம். வண்டியின் முன்புறம் குனிந்து பார்த்தால், முன் அச்சின் நடுவே ஒருபக்கமாகப் பல்சக்கரங்கள் அடங்கிய குண்டு தெரிய வேண்டும். அதற்குப் புரொப்பல்லர் தண்டும் மாட்டியிருக்க வேண்டும். வெறும் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தால் அது இரண்டு சக்கர இழுவை வண்டி.

கியர் கம்பிக்கு அருகில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கான சிறிய கம்பிகள் இருக்கும். பழைய ஜீப்புகளில் அவை இரண்டு: ஒன்று முன்சக்கரங்களைச் சேர்ப்பதற்கு, மற்றது 'லோ' வேகத்துக்கு. லோவில் போட்டால் இழுவை ஏறத்தாழ இரண்டரை மடங்காகும்; வேகம் அதே அளவு குறையும். முதல் கியரும் லோவும் சேர்ந்தால் சி.ஜே.3பி ஜீப்பின் சக்கரம் ஒருமுறை சுற்ற இஞ்சின் சுமார் 37 முறை சுற்றும். ஏற்றத்தில் இது எவ்வளவு உதவுமோ அதைவிட இறக்கத்தில் அதிகம் உதவும். பிரேக்கை அதிகம் தொடாமலே இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்குமுன் சரிவான மண்பாதையில் லோ போட்டு இறக்கிப் பார்க்க வேண்டும். கியர் தானாக நழுவி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் உட்பாகங்கள் தேய்ந்துள்ளன என்று அர்த்தம். ஆளில்லாத, சமதளத்தில் முடியும் சிறு சரிவில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

சேஸ்தான் அஸ்திவாரம்

உடல் தகரம் ஓட்டையாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, மாற்றிவிடலாம். சேஸ் கெட்டிருந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். சேறு தங்கும் இடங்களில் உள்ளிருந்து துரு அரிக்கும். பட்டை ஸ்பிரிங் மாட்டும் கொண்டிகள், பின்புறக் குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் பாக்ஸ் பொருத்திய இடம் ஆகிய மூன்றையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த சேஸைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

விரிசலுக்கு மேலோட்டமாக வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மறுபடி விடும். விரிசல் முடியும் முனையில் துளையிட்டு, பிளவைக் குடைந்து வெல்டிங் நிரப்பி, தேவையான இடத்தில் மேலே தகடும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் சேஸ் வேலை தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். வெல்டிங்குக்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, டீசல் டாங்கியை இறக்கிவிடுவது அவசியம்.

பிரேக்: ஒரு பைசாவும் குறைக்கக் கூடாத இடம்

பழைய ஜீப்புகளின் பிரேக்கில் பெரிய குறை ஒன்று உண்டு. ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே வழியாக நான்கு சக்கரங்களுக்கும் ஆயில் போகிறது. எங்காவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும்போது இப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே பழைய ஜீப்பில் முதலில் செய்யத்தக்க மேம்பாடு இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர்தான். முன்சக்கரங்களுக்கு ஓர் அறை, பின்சக்கரங்களுக்கு ஓர் அறை என்று பிரிந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது நிறுத்தும். பிற்கால ஜீப் வகைகளில் வந்த பூஸ்டரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட இறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைவதுபோல் டிஸ்க் எளிதில் குறைவதில்லை. ஆனால் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், டிஸ்க் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்தும் அளவில் இருக்க வேண்டும். கிடைத்ததைக் கிடைத்ததோடு சேர்ப்பது ஆபத்து.

இதற்கு வசதி இல்லாதவர்கள் பழைய அமைப்பையே முழுமையாகப் புதுப்பிக்கலாம். வீல் சிலிண்டர் ரப்பர்கள், மூன்று ரப்பர் குழாய்கள், துருப்பிடித்த இரும்புக் குழாய்கள், லைனிங் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். ஒரு சக்கரத்தில் மட்டும் லைனிங் மாற்றினால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. ஈரமான ஆயில் இறக்கத்துச் சூட்டில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் வெறுமையாகப் போகும். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை அதை முழுவதும் மாற்ற வேண்டும். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலைக் கெடுக்கும். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதாமல், தண்ணீரால் நனைத்துத் துடைப்பதே முறை.

பிரேக்கைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை நிறுத்திய நிலையில் பெடலைப் பலமாக மிதித்து ஒரு நிமிடம் பிடிக்க வேண்டும். பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த வண்டியை அன்று மலையில் இறக்கக் கூடாது.

கைபிரேக்கிலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பழைய ஜீப்பில் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை; டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் தண்டைப் பிடிக்கிறது. அங்குள்ள ஆயில் சீல் கசிந்தால் கைபிரேக்கின் டிரம் நனைந்து வழுக்கும். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால் கைபிரேக் போட்டிருந்தும் வண்டி உருளும். ஆகவே சரிவில் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஸ்டியரிங்கும் அச்சுகளும்

முன்சக்கரத்தைத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் சக்கர பேரிங் அல்லது கிங்பின் பேரிங் தேய்ந்துள்ளது. பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். வேகத்தில் முன்சக்கரங்கள் உதறுவதற்கு இவைகளே பெரும்பாலும் காரணம். சக்கர பாலன்ஸ் செய்தால் மட்டும் இது போகாது. கிங்பின்னுக்கு மெல்லிய தகடுகளை அளவாக வைத்து இறுக்கம் கொண்டுவந்து, தேய்ந்த முனைகளை மாற்றினால் உதறல் நிற்கும்.

முன் அச்சின் இரு முனைகளிலும் உள்ள உருண்டைப் பாகத்தில் கிரீஸ் வழிந்தால் சீல் போய்விட்டது. அதன் வழியே சேற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து விலை உயர்ந்த ஜாயின்டைத் தின்றுவிடும். ஓடை கடந்து போகும் பாதையானால் மழைக்காலம் முடிந்ததும் இரு அச்சுகளின் ஆயிலையும் இறக்கிப் பார்க்க வேண்டும். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டும்.

பட்டை ஸ்பிரிங்கில் அதிகப் பட்டை சேர்த்துப் பாரம் ஏற்றுவது பல ஊர்களில் வழக்கம். பட்டை கூடினாலும் பிரேக்கும் அச்சும் சேஸும் பழையவைதான் என்பதை மறக்கக் கூடாது. ஆர்.சி.யில் உள்ள பாரத்தோடு சேர்ந்த எடையிலிருந்து வெறும் வண்டி எடையைக் கழித்தால் வருவதே ஏற்றத்தக்க பாரம். ஓட்டுநரும் கூட வருபவர்களும் அதில் அடக்கம்.

பெரிய டயரால் லாபமா?

அகலமான, உயரமான டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும். ஆனால் சுமார் 28 அங்குல உயரமுள்ள பழைய அளவு டயருக்குப் பதில் 31 அங்குல டயர் போட்டால் இழுவையில் பத்தில் ஒரு பங்கு குறையும். பிரேக்கின் பிடிப்பும் அதே அளவு குறையும். ஸ்டியரிங் கனக்கும், கிங்பின் சீக்கிரம் தேயும். மண்பாதைக்கு ஆழமான பட்டன் உள்ள, கம்பெனி சொன்ன அளவு டயரே போதும். நான்கும் ஒரே அளவாக, ஒரே மாதிரித் தேய்மானத்தோடு இருப்பது முக்கியம். முன்னும் பின்னும் அளவு மாறினால் நான்கு சக்கரம் சேர்த்து ஓட்டும்போது பல்சக்கரங்கள் இறுகி உடையும். இதே காரணத்தால் காய்ந்த தார்ச்சாலையில் முன்சக்கர இழுவையைச் சேர்த்து ஓட்டக் கூடாது. சேறு, மணல், தளர்ந்த கல் உள்ள இடங்களில் மட்டும் சேர்க்க வேண்டும்.

இஞ்சின்: பிரிக்கும் முன் சோதனை

புகை வந்தாலே இஞ்சினைப் பிரிக்கச் சொல்கிறவர்கள் உண்டு. புகையின் நிறமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். டீசல் இஞ்சினில் கறுப்புப் புகையானால் காற்று வடிகட்டி அடைப்போ, நாசில் கோளாறோ இருக்கலாம். சிறிய செலவில் முடியும். நீலப்புகையானால் இஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரஷன் அளந்து பார்த்து, எல்லாச் சிலிண்டரும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பிரிக்காமல் விடுவதே லாபம்.

மலை ஏற்றத்தில் கொதிப்பு வருவதுதான் இஞ்சின்களைக் கொல்கிறது. ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்து, ரப்பர் குழாய்கள், பெல்ட், தெர்மோஸ்டாட் ஆகியவற்றை மாற்றுவது இஞ்சின் வேலையில் முதற்படி. கூலன்ட் ஊற்றினால் துருவும் தடுக்கப்படும்.

வேறு வண்டியின் இஞ்சினைப் பொருத்தலாம் என்ற ஆசை பலருக்கும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, கம்பெனி குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்துள்ளது. இஞ்சின் மாற்றுவதானால் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி பெற்று, இஞ்சின் வாங்கிய ரசீதோடு புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மேலும், வலுவான இஞ்சின் வந்தால் பழைய கியர்பாக்ஸும் அச்சும் தாங்காமல் செலவு தொடர்ந்து வரும்.

விளக்கும் வயரும்

பழைய வயரில் தீப்பிடித்து எரிந்த ஜீப்புகள் உண்டு. ஒட்டுப்போட்ட வயர்களை எடுத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபியூஸ் வைத்துப் புது வயரிங் செய்வது அதிகச் செலவில்லாத நல்ல மேம்பாடு. ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து, எர்த் வயரைச் சேஸில் சுத்தமாக இறுக்கினால் பழைய விளக்கே பிரகாசமாக எரியும். இருக்கை பெல்டும், சேஸோடு உறுதியாகச் சேர்த்த தலைக்காப்புக் கம்பியும் உயிர் காக்கும். இக்கம்பி உட்பட எந்தப் பெரிய பொருத்துதலுக்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

செலவைப் பிரிக்கும் முறை

வேலையை மூன்று தவணையாகப் பிரிக்கலாம். முதல் அறுவடைப் பணத்தில் சேஸ், பிரேக், ஸ்டியரிங், டயர். அடுத்ததில் அச்சுகள், டிரான்ஸ்ஃபர் கேஸ், ரேடியேட்டர், வயரிங். மூன்றாவதில் இஞ்சின் வேலை, அவசியமானால் மட்டும். தகர வேலையும் பெயின்டும் கடைசி. துருவைத் தடுக்க மட்டும் சேஸுக்கும் அடிப்பாகத்துக்கும் முதலிலேயே பூச்சு அடித்துவிட வேண்டும். பட்டறையில் ஒவ்வொரு பாகத்துக்கும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டுப் பார்ப்பது வீண் செலவைத் தடுக்கும்.

வாங்குமுன் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். உதாரணமாக, வண்டி விலையும் பழுதும் சேர்ந்து 3 லட்சம் ரூபாய் ஆவதாகக் கொள்வோம். அடுத்த பதிவுப் புதுப்பிப்பு வரை 5 வருடம். வருடத்துக்கு 100 நடை என்றால் மொத்தம் 500 நடை. நடை ஒன்றுக்கு 600 ரூபாய் முதலுக்கே போகிறது. அதன்மேல் டீசல், இன்ஷூரன்ஸ், டயர், சில்லறைப் பழுது. இந்தத் தொகை வாடகை ஜீப்பின் கூலியைவிட அதிகமானால் வாடகையே மேல். அறுவடைக் காலத்தில் மட்டும் வண்டி தேவைப்படும் சிறு விவசாயிகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கினால் கணக்கு சரிவரும். யார் பெயரில் ஆர்.சி., பழுதுச் செலவு எப்படிப் பங்கு என்பதை முதலிலேயே எழுதிவைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஜீப்பில் பிறர் சரக்கையோ ஆட்களையோ கூலிக்கு ஏற்றுவது சட்டப்படி குற்றம் என்பதையும் மனதில் கொள்ள வேண்டும்.

இறங்கும்போது...

எவ்வளவு புதுப்பித்தாலும் ஓட்டும் முறை சரியாக இருந்தால்தான் பலன். எந்தக் கியரில் ஏறினோமோ, இறங்கவும் அதே கியர் அல்லது அதற்கும் கீழான கியர் என்பது மலைப்பாதை விதி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது கூடவே கூடாது. லோ போடுவதானால் இறக்கம் தொடங்குமுன் வண்டியை நிறுத்திப் போட வேண்டும். சரிவின் நடுவில் மாற்ற முயன்றால் கியர் விழாமல் வண்டி பிடியின்றி ஓடக்கூடும். பாரம் ஏற்றிய அன்று, புறப்படுமுன் பிரேக் ஆயில் அளவு, டயர் காற்று, பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் இறுக்கம் ஆகிய மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

சேஸும் காகிதமும் நன்றாக உள்ள பழைய ஜீப்பை இந்த வரிசைப்படி புதுப்பித்தால், இன்னும் பல அறுவடைகளை அது சந்தைக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பெயின்ட் மங்கிய வண்டியில் வந்த மிளகுக்கும் சந்தையில் அதே விலைதான்.